கையுறைக் காலம் – 14: பேட்டர்சன் நீட்டிய கை

ராக்கி மார்சியானோ 1956 ஏப்ரல் 27 அன்று ஓய்வை அறிவித்ததோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். 49 சண்டை, 49 வெற்றி. தோல்வியே அறியாத ஒருவர் இறக்கி வைத்துவிட்டுப் போன பட்டம் யாருக்கு என்பது அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று சிகாகோ ஸ்டேடியத்தில் முடிவானது. ஒரு மூலையில் ஆர்ச்சி மூர். நாற்பது வயதை ஒட்டியவர். அவர் பார்க்காத குத்து இல்லை, பார்க்காத ஊர் இல்லை. எதிர் மூலையில் ஃபிளாய்ட் பேட்டர்சன், 21 வயது. ஐந்தாவது ரவுண்டில் பேட்டர்சன் பாய்ந்து வந்து வீசிய இடது ஹுக்கில் மூர் சாய்ந்தார். எழுந்து பார்த்தார், மறுபடி விழுந்தார், ஆட்டம் முடிந்தது. அதுவரை ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றவர்களில் இவரே மிக இளையவர். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பிடித்ததும் அதுவே முதல் முறை. அதே நாளில் அவருக்குப் பெண் குழந்தையும் பிறந்தது.

ஹெவிவெயிட் வரலாற்றில் தலைசிறந்த பத்துப் பேர் யார் என்று வல்லுநர்கள் போடும் பட்டியல்களில் பேட்டர்சன் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஜோ லூயிஸ் இருப்பார், அலி இருப்பார், மார்சியானோ இருப்பார். பேட்டர்சனைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை முறை தரையில் விழுந்தார் என்ற கணக்கைத்தான் முதலில் எடுப்பார்கள். இந்தத் தொடரில் அவருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்க எனக்குக் காரணம் உண்டு. ஒரு வீரர் தன் விளையாட்டுக்கு என்ன கொடுத்தார் என்று ரிங்குக்கு உள்ளேயும் வெளியேயும் சேர்த்து எடை போட்டால், இருபதாம் நூற்றாண்டின் ஹெவிவெயிட் சாம்பியன்களில் இவரளவு கொடுத்தவர்கள் மிகச் சிலரே. எதிரில் நின்றவர்களுக்கு அவர் கொடுத்ததுதான் அதில் பெரும்பங்கு.

பேட்டர்சன் பிறந்தது 1935 ஜனவரி 4, வட கரோலினா மாநிலத்தில் வேக்கோ என்ற சிற்றூரில். பிழைப்புத் தேடிக் குடும்பம் நியூயார்க்குக்கு வந்து, புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில் குடியேறியது. பதினொரு பிள்ளைகள். அப்பா கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தார். பையன் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே சுற்றினான். பழைய துணி போட்டிருக்கும் வெட்கம், படிக்க வராத வெட்கம், யாராவது பேசினால் நிமிர்ந்து பார்க்க முடியாத கூச்சம். சுரங்க ரயில் பாதையோரம், தொழிலாளிகள் கருவிகள் வைக்கும் ஒரு சின்ன அறையைக் கண்டுபிடித்து, அந்த இருட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். வீட்டில் மாட்டியிருந்த ஒரு படத்தில் தன் முகத்தைக் காட்டி, இந்தப் பையனை எனக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்வானாம். ஒருநாள் அந்த முகத்தின்மேல் பெருக்கல் குறிகளைக் கீறி வைத்திருந்ததை அம்மா பார்த்தார். தன் வரலாற்று நூலில் பேட்டர்சனே எழுதிய செய்தி இது. அந்த நூல் 1962இல் வந்தது. அப்போது அவர் உலக சாம்பியன்.

சின்னச் சின்னத் திருட்டுகளில் மாட்டிக்கொண்ட பையனை, பத்து வயதில், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் எசோபஸ் என்ற இடத்தில் இருந்த வில்ட்விக் பள்ளிக்கு அனுப்பினார்கள். வழிதவறிய சிறுவர்களுக்கான இல்லம் அது. பூட்டுப் போட்ட கதவுகள் இல்லை. தோட்டம், வயல், குதிரை எல்லாம் இருந்தன, பொறுமையான ஆசிரியைகள் இருந்தார்கள். எலினார் ரூஸ்வெல்ட் அந்தப் பள்ளிக்குப் பெரிய ஆதரவாளர். பிள்ளைகளைத் தன் ஹைட் பார்க் வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பார். பேட்டர்சன் முதன்முதலில் கையுறை மாட்டிச் சண்டை போட்டதும், படிக்கக் கற்றதும், மற்றவர்கள் முன்னால் வாய் திறந்து பேசியதும் இங்கேதான். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அங்கே இருந்தான். உலகப் புகழ் வந்த பிறகும், தன்னை உருவாக்கியது சீர்திருத்தப் பள்ளி என்று சொல்ல அவர் தயங்கியதே இல்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் லிஸ்டன் விஷயத்தில் அவர் எடுத்த முடிவின் வேர் இங்கே இருக்கிறது.

நியூயார்க் திரும்பியதும், அண்ணன்கள் பழகிக்கொண்டிருந்த கிராமர்சி ஜிம்முக்கு அவனும் போனான். மன்ஹாட்டன் பதினான்காவது தெருவில், நீண்ட படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய பழைய கூடம். அதை நடத்தியவர் கஸ் டமாட்டோ. பயத்தைப் பற்றி இந்த மனிதர் அளவுக்கு யோசித்த வாத்தியார் குத்துச்சண்டை உலகில் வேறு யாரும் இல்லை. பயம் எல்லாருக்கும் வரும், அதைக் கையாளத் தெரிந்தவன் வீரன் என்பது அவருடைய முதல் பாடம். கூச்சத்தால் குறுகிப்போயிருந்த பதினான்கு வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியார் கிடைத்திருக்க முடியாது.

டமாட்டோ சொல்லிக்கொடுத்த நிலை அன்றைக்குப் பலருக்கு விநோதமாகத் தெரிந்தது. வழக்கமாக ஒரு கை முன்னால் நீண்டிருக்கும், மறுகை தாடையைக் காக்கும். இவருடைய பிள்ளைகள் இரண்டு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டி உயர்த்தி வைப்பார்கள், முழங்கைகள் விலாவோடு சேர்ந்திருக்கும், உடம்பு எதிராளிக்கு ஏறக்குறைய நேராக நிற்கும். கையுறைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்ததால் பத்திரிகைக்காரர்கள் அதற்கு ‘பீக்-அ-பூ’ என்று பெயர் வைத்தார்கள். தலையையும் இடுப்பையும் விடாமல் ஆட்டிக் குத்தை நழுவவிட்டு, நழுவிய அதே அசைவிலேயே திருப்பி அடிக்க வேண்டும். பேட்டர்சனின் கை மின்னல் வேகம். தள்ளி நிற்கும் எதிராளியை நோக்கி இரண்டு காலும் தரையை விட்டு எழும்பும்படி பாய்ந்து இடது ஹுக் போடுவார். இந்த முறையின் பலவீனமும் அதிலேயே இருந்தது. பாய்ந்து இறங்கும் நொடியில் கால் ஊன்றியிருக்காது. அப்போது ஒரு நேர்க் குத்து வந்தால் விழ வேண்டியதுதான். எடையும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பட்டம் வென்ற நாட்களில் அவர் 190 பவுண்டுக்கும் குறைவு. இன்றைய விதிப்படி 200 பவுண்டுக்கு உட்பட்டவர்கள் க்ரூசர்வெயிட் பிரிவில்தான் ஆடுகிறார்கள். அந்தப் பிரிவே இல்லாத காலத்தில், தன்னைவிடப் பெரியவர்களோடு மோதியே அவர் காலம் தள்ளினார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பேட்டர்சனுக்கு 17 வயது. மிடில்வெயிட் இறுதியில் ருமேனியாவின் வசிலே திட்டாவை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தித் தங்கம் வாங்கினார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கா குத்துச்சண்டையில் ஐந்து தங்கம் பெற்றது. ஐவரும் கறுப்பின வீரர்கள். அதே ஹெல்சிங்கியில் இன்னொரு சம்பவமும் நடந்தது. ஹெவிவெயிட் இறுதியில் எட் சாண்டர்ஸோடு மோதிய சுவீடன் இளைஞர் ஒருவர் சண்டையே போடாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓடுகிறார் என்று ரெஃபரி தகுதி நீக்கம் செய்தார். அவருக்கு வெள்ளிப் பதக்கம்கூடக் கொடுக்கவில்லை. சொந்த நாட்டுப் பத்திரிகைகளே கோழை என்று எழுதின. இங்கமார் யோஹான்சன் என்ற அந்த இளைஞரின் வாழ்க்கையும் பேட்டர்சனின் வாழ்க்கையும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னிக்கிடக்கப் போகின்றன என்று அன்று யாருக்குத் தெரியும்?

பட்டம் கைக்கு வந்த பிறகு அதை யாரோடு வைத்து ஆடுவது என்பதில் டமாட்டோ ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். ஜேம்ஸ் நோரிஸ் நடத்திய இன்டர்நேஷனல் பாக்ஸிங் கிளப் பெரிய அரங்குகளையும் தொலைக்காட்சியையும் தன் கைக்குள் வைத்திருந்தது. அதன் பின்னால் ஃப்ராங்கி கார்போ போன்ற நிழலுலக ஆட்கள் நின்றார்கள். அந்த வட்டத்தோடு எந்தப் பேரமும் கிடையாது என்றார் டமாட்டோ. 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த கிளப்பைக் கலைக்கும் உத்தரவை உறுதி செய்தது. நோரிஸின் பிடி தளர்ந்ததில் டமாட்டோவின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. ஆனால் இதில் பாதிக்கப்பட்டது பேட்டர்சனின் பெயர். வலுவான எதிராளிகள் பலர் நோரிஸ் பக்கம் இருந்ததால், சாம்பியன் இரண்டாம் தர ஆட்களோடு ஆட வேண்டியிருந்தது. 1957இல் சியாட்டிலில், தொழில்முறையில் ஒரு சண்டைகூட ஆடியிராத ஒலிம்பிக் சாம்பியன் பீட் ராடமேக்கரோடு உலகப் பட்டத்தை வைத்து ஆடினார். அதிலும் இரண்டாவது ரவுண்டில் ஒருமுறை விழுந்து எழுந்து, ஆறாவது ரவுண்டில் ஜெயித்தார். இந்த ஏற்பாடு பேட்டர்சனுக்கு நியாயமானதாக எனக்குப் படவில்லை. ஒரு நல்ல போராட்டத்தின் விலையை அவர் ஒருவரே கொடுத்தார்.

1959 ஜூன் 26, நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம். எதிரே, ஏழு ஆண்டுகளுக்கு முன் கோழைப் பட்டம் வாங்கிய யோஹான்சன். மூன்றாவது ரவுண்டில் அவருடைய வலது கை இறங்கியது. பேட்டர்சன் எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். ஒரே ரவுண்டில் ஏழு முறை. ரெஃபரி நிறுத்தினார், பட்டம் சுவீடனுக்குப் போனது. பேட்டர்சன் வாரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய விடுதிக்குப் போய், மாதக்கணக்கில் தனியாகப் பயிற்சி எடுத்தார்.

அன்றுவரை ஹெவிவெயிட் பட்டத்தை இழந்த யாரும் அதைத் திரும்பப் பெற்றதில்லை. கார்பெட், ஃபிட்ஸிம்மன்ஸ், ஜெஃப்ரிஸ், டெம்ப்ஸி, ஜோ லூயிஸ் என்று முயன்று தோற்றவர்கள் வரிசை நீளம். போனவர் திரும்பி வரமாட்டார் என்பது குத்துச்சண்டை உலகில் பழமொழியாகவே ஆகியிருந்தது. 1960 ஜூன் 20 அன்று, போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் அதைப் பேட்டர்சன் உடைத்தார். ஐந்தாவது ரவுண்டில் பாய்ந்து போட்ட இடது ஹுக்கில் யோஹான்சன் மல்லாந்து விழுந்தார். நினைவில்லை, வாயோரம் ரத்தம், இடது கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. ரிங்குக்குள் ஜனம் ஏறிவிட்டது. வரலாறு படைத்த மனிதர் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், விழுந்து கிடந்தவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்தார். இன்னொரு ஆட்டம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஓராண்டாக அந்த மனிதர்மேல் வெறுப்பை வளர்த்துக்கொண்டுதான் பயிற்சி எடுத்ததாகவும், அப்படி ஒரு வெறுப்பு இனி ஒருநாளும் தன் மனத்தில் வரக்கூடாது என்றும் பின்னர் சொன்னார். என்னைப் பொறுத்தவரை பேட்டர்சனின் ரிங் வாழ்க்கையின் உச்சம், பட்டத்தை மீட்ட அந்தக் குத்தைத் தொடர்ந்து வந்த இந்தச் சில நிமிடங்கள்.

கொடுத்த வாக்கு 1961 மார்ச் 13 அன்று மயாமி பீச்சில் நிறைவேறியது. அமெரிக்கத் தெற்கு அது. கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை, தனி வாசல் என்ற காலம். அரங்கில் நிறம் பார்த்து உட்கார வைக்கக்கூடாது என்று பேட்டர்சன் நிபந்தனை போட்டார். மீறினால் 10,000 டாலர் கட்ட வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் பிணைத்தொகை எழுதி வாங்கினார்கள். நிபந்தனை காப்பாற்றப்பட்டது. முதல் ரவுண்டிலேயே பேட்டர்சன் இரண்டு முறை விழுந்து, அதே ரவுண்டில் யோஹான்சனையும் ஒருமுறை விழவைத்து, ஆறாவது ரவுண்டில் முடித்தார். சண்டையின் விவரம் பலருக்கு மறந்துபோயிருக்கும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அன்றைக்கு அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது மறக்கக்கூடாத விஷயம்.

இனி லிஸ்டன்.

சார்ல்ஸ் ‘சோனி’ லிஸ்டன் கொள்ளை வழக்கில் மிசௌரி சிறையில் இருந்தவர். அங்கேதான் குத்துச்சண்டை பழகினார். வெளியே வந்ததும் அவரை வளைத்துக்கொண்டவர்கள் கார்போவும் பிளிங்கி பலெர்மோவும். 1960இல் செனட்டர் கீஃபாவர் தலைமையிலான குழு குத்துச்சண்டையில் குற்றக் கும்பல்களின் பிடியை விசாரித்தபோது, ஜேக் லமோட்டா 1947இல் ஒரு சண்டையை வேண்டுமென்றே தோற்றதாக வாக்குமூலம் கொடுத்தார். அப்படிப்பட்ட சூழலில், லிஸ்டன்போல ஒருவருக்குப் பட்டம் ஆடும் வாய்ப்பே கொடுக்கக்கூடாது என்று பெரிய மனிதர்கள் பலர் நினைத்தார்கள். டமாட்டோ வேண்டவே வேண்டாம் என்றார். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய தலைவர்களில் சிலரும், லிஸ்டன் சாம்பியனானால் தங்கள் இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று அஞ்சினார்கள். 1962 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்குப் போனபோது, அடுத்து யாரோடு ஆடப்போகிறீர்கள் என்று அதிபர் கென்னடி கேட்டதாகவும், லிஸ்டன் என்று தான் சொன்னதாகவும் பேட்டர்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

வரிசையில் முதலில் நிற்பவர் லிஸ்டன், அவருக்குத் தராமல் நான் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இதுதான் பேட்டர்சனின் நிலை. வில்ட்விக் பள்ளி தனக்குக் கொடுத்த இரண்டாம் வாய்ப்பை இன்னொருவனுக்கு மறுக்க அவரால் முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் தட்டிக் கழித்துக்கொண்டே இரண்டு மூன்று ஆண்டு ஓட்டியிருக்கலாம்; அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சாம்பியன்கள் அப்படித்தான் ஓட்டினார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். வாத்தியாருக்கும் இவருக்கும் இடையில் விழுந்த விரிசல் அதோடு பெரிதானது.

முடிவு கொடூரமாக இருந்தது. 1962 செப்டம்பர் 25, சிகாகோ கோமிஸ்கி பார்க். 2 நிமிடம் 6 விநாடி. லிஸ்டன் 210 பவுண்டுக்கு மேல். அவருடைய ஜாபே மற்றவர்களின் முழுக் குத்துக்குச் சமம். பேட்டர்சன் தோல்விக்கும் தயாராகத்தான் வந்திருந்தார். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பொய்த் தாடி, மீசையை ஒட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் அரங்கை விட்டு வெளியேறி, இரவோடு இரவாகக் காரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1963 ஜூலை 22 அன்று லாஸ் வேகஸில் மறு ஆட்டம். 2 நிமிடம் 10 விநாடி.

இந்தத் தாடிக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எழுத்தாளர் கே டலீஸ் சிரிக்கவில்லை. அவர் பேட்டர்சனோடு நெருங்கிப் பழகி, முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியவர். 1964இல் எஸ்கொயர் இதழில் வந்த அவருடைய கட்டுரையில், நாக்-அவுட் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது, கண் தெளியும்போது அவமானம் எப்படிப் பொங்கி வருகிறது, ஏன் முகத்தை மறைக்கத் தோன்றுகிறது என்று பேட்டர்சன் வெளிப்படையாகப் பேசியிருந்தார். தன்னையே கோழை என்றும் சொல்லிக்கொண்டார். அதற்கு முன் எந்த ஹெவிவெயிட் சாம்பியனும் இப்படிப் பேசியதில்லை. தோற்றவனுக்கும் உள்மனம் உண்டு என்பதைக் குத்துச்சண்டை எழுத்துக்குள் கொண்டுவந்தவர் பேட்டர்சன்தான். இதையும் அவர் இந்த விளையாட்டுக்குக் கொடுத்தவற்றில் சேர்க்கிறேன்.

இரண்டு லிஸ்டன் சண்டைகளுக்கும் நடுவில், 1963 மே மாதத்தில், பேட்டர்சன் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமுக்குப் போனார். மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் அங்கே நடந்துகொண்டிருந்தது; சிறுவர்கள்மேல் நாய்களை ஏவிய, தண்ணீர்க் குழாய்களைத் திருப்பிய நாட்கள். இயக்கத்தினர் தங்கிய கேஸ்டன் மோட்டலில் குண்டு வெடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனும் பேட்டர்சனும் விமானம் ஏறிப் போய், தேவாலயங்களில் கூடிய மக்கள் முன்னால் நின்றார்கள். பேச்சாற்றல் இல்லாதவர் பேட்டர்சன். வந்து நின்றதே பேச்சு. யாங்கர்ஸ் நகரில் வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரர் நடுவில் வேலி எழுப்பியதையும், அந்த வீட்டையே விற்றுவிட்டு வர நேர்ந்ததையும் அவரே அனுபவித்திருந்தார்.

அலி விஷயத்தில்தான் இந்த மனிதர் சறுக்கினார். காஷியஸ் கிளே முகமது அலி ஆன பிறகும் பேட்டர்சன் விடாமல் கிளே என்றே அழைத்தார். அலி சேர்ந்திருந்த இஸ்லாம் தேசம் (நேஷன் ஆஃப் இஸ்லாம்) அமைப்பு விளையாட்டுக்கும் நாட்டுக்கும் கேடு, பட்டத்தை அமெரிக்காவுக்கு மீட்டுத் தருவேன் என்று எழுதினார். ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை மறுப்பது அவரை மறுப்பதுதான். பேட்டர்சன்போல மென்மையான ஒருவர் இதை உணராமல் போனது வருத்தம். அலி விடவில்லை. முயல் என்று கேலி செய்து, பயிற்சி முகாமுக்கே கேரட்டோடு போனார். 1965 நவம்பர் 22, லாஸ் வேகஸ். முதுகு பிடித்துக்கொண்டு நிமிரவே முடியாமல் தவித்த பேட்டர்சனை, முடிக்க முடிந்தும் முடிக்காமல் இழுத்தடித்தார் அலி என்று அன்று பார்த்தவர்கள் பலர் எழுதினார்கள். பன்னிரண்டாவது ரவுண்டில் ரெஃபரி நிறுத்தினார். பேட்டர்சன் ஒருமுறைகூட விலகிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. வியட்நாம் போரைப் பற்றி அலி சொன்ன கருத்துக்காக நாடே அவர்மேல் பாய்ந்துகொண்டிருந்த 1966 ஆகஸ்டில், எஸ்கொயர் இதழில் அலிக்கு ஆதரவாக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பேட்டர்சன், உடன் எழுதியவர் டலீஸ். ஒரு மனிதன் தன் மனத்தில் பட்டதைச் சொல்ல உரிமை உண்டு, அதற்காக அவன் பிழைப்பைப் பறிக்க முயல்வது தவறு என்பதே சாரம். தலைப்பில் அப்போதும் கிளே என்றுதான் இருந்தது. ஆனாலும் ஒன்பது மாதத்துக்கு முன் தன்னைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தியவருக்காக, அவர் பட்டம் பறிபோவதற்கு முன்பே, எழுத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்?

1967இல் அலியிடமிருந்து பட்டத்தைப் பறித்த பிறகு, காலியான இடத்துக்கு ஒரு போட்டித் தொடர் நடந்தது. அதில் பேட்டர்சன் ஜெர்ரி குவாரியிடம் தோற்றார். தொடரில் வென்ற ஜிம்மி எல்லிஸோடு 1968 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் பதினைந்து ரவுண்டு ஆடினார். மதிப்பெண் போட்டவர் ரெஃபரி ஒருவர் மட்டுமே; அவர் எல்லிஸ் பக்கம் தீர்ப்பளித்தார். அரங்கமே கூச்சல் போட்டது. ஒரு காலத்தில் தங்கள் நாட்டுக்காரரை வீழ்த்திய மனிதருக்காக சுவீடன் ரசிகர்கள் கொதித்தார்கள். (இந்த எல்லிஸைச் சென்னைக்காரர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 1980இல் அலி இங்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை ஆடியபோது எதிரே நின்றவர் இவர்தான். வடசென்னையில் அந்த மாலையைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் உண்டு.) அந்தத் தீர்ப்பு மாறியிருந்தால் பேட்டர்சன் மூன்றாவது முறை பட்டம் சூடியிருப்பார்.

1972 செப்டம்பர் 20 அன்று, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மறுபடி அலியோடு ஆடியதே கடைசிச் சண்டை. கண் வீங்கி மூடிக்கொண்டதால் ஏழாவது ரவுண்டுக்குப் பிறகு நிறுத்தினார்கள். 37 வயது. 64 சண்டை, 55 வெற்றி, 8 தோல்வி, ஒன்று சமன். வெற்றிகளில் 40 நாக்-அவுட்.

பணத்தைத் தொலைத்து, மல்யுத்த மேடைகளில் பெயரை விற்று வாழ்ந்த முன்னாள் சாம்பியன்களை இந்தத் தொடரில் நிறையப் பார்த்தோம். பேட்டர்சன் நியூயார்க்குக்கு வடக்கே நியூ பால்ட்ஸ் என்ற ஊரில் நிலம் வாங்கிக் குடியேறினார். வில்ட்விக் பள்ளி இருந்த எசோபஸ் அங்கிருந்து பக்கம்தான். நிலத்தில் இருந்த களஞ்சியத்தை ஜிம்மாக மாற்றி, அக்கம்பக்கத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அப்படி வந்த பையன்களில் ஒருவன் டிரேசி ஹாரிஸ். வந்தபோது பதினொரு வயது. பேட்டர்சன் அவனைத் தத்தெடுத்து மகனாக்கிக்கொண்டார். 1992 ஜூனில், ஆல்பனி நகரில், ஃபிரான்ஸின் தியெரி ஜாக்கோபை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி டிரேசி ஹாரிஸ் பேட்டர்சன் உலக சாம்பியன் ஆனார். பின்னாளில் தொழில்முறையில் இருவரும் பிரிந்தார்கள். டமாட்டோவுக்கும் தனக்கும் நேர்ந்தது அப்பாவாக நின்றபோதும் அவருக்கு நேர்ந்தது.

டமாட்டோ கேட்ஸ்கில் ஊரில் தன் கடைசிச் சீடனை அதே பீக்-அ-பூ முறையில் வளர்த்துக்கொண்டிருந்தார். மிக இளைய சாம்பியன் என்ற பேட்டர்சனின் சாதனையை 1986 நவம்பர் 22 அன்று 20 வயதில் முறியடித்த மைக் டைசன்தான் அந்தச் சீடன். முப்பது ஆண்டு நின்ற சாதனையை உடைத்ததும் அதே வாத்தியாரின் பிள்ளை. ஆனால் அதைப் பார்க்க டமாட்டோ இல்லை, அதற்கு முந்திய ஆண்டே இறந்துபோனார்.

யோஹான்சனோடு இருந்த உறவு வேறு விதமாக வளர்ந்தது. மூன்று முறை ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்திய இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். அவர் இங்கே வருவார், இவர் அங்கே போவார். 1980களில் இருவரும் ஸ்டாக்ஹோம் மாரத்தானில் சேர்ந்து ஓடினார்கள். ஹெல்சிங்கியில் மறுக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் அந்தப் பத்தாண்டுகளின் தொடக்கத்தில்தான் யோஹான்சன் கைக்கு வந்தது. 1991இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ்மண்டபம் பேட்டர்சனைச் சேர்த்துக்கொண்டது.

1995இல் ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி அவரை நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவராக நியமித்தார். 1920இன் வாக்கர் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. யாருக்கு உரிமம், எந்த மருத்துவர் ரிங் ஓரம் உட்கார வேண்டும், அடிபட்டவர் எத்தனை நாள் ஆடக்கூடாது என்று வீரர்களின் உயிரோடு தொடர்புடைய முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. டமாட்டோவின் இன்னொரு சீடரும் முன்னாள் லைட் ஹெவிவெயிட் சாம்பியனுமான ஹோசே டோரஸ் 1980களில் அதே நாற்காலியில் இருந்தவர். அடிபட்டவர்களுக்குத்தான் அடியின் கணக்கு தெரியும் என்பதால், இப்படிப்பட்ட பொறுப்புகளில் வீரர்கள் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் நிகழ்ச்சியும் இங்கேயே நடந்தது. கூண்டுச் சண்டைகளை நியூயார்க்கில் கட்டுப்படுத்த ஆணையம் விதிகள் கொண்டுவந்ததை எதிர்த்து ஒரு வழக்கு. அதில் வாக்குமூலம் கொடுக்க 1998இல் பேட்டர்சன் உட்கார்ந்தார். கேள்விகள் எளிமையானவை. உடன் பணியாற்றியவர்களின் பெயர் நினைவுக்கு வரவில்லை. ரிங்கின் அடிப்படை விதிகள் சில நினைவுக்கு வரவில்லை. 1956இல் யாரை வென்று சாம்பியன் ஆனார் என்ற கேள்விக்கு ஆர்ச்சி மூரின் பெயர் வரவில்லை. களைப்பாக இருக்கிறது என்றார். செய்தி பத்திரிகைகளில் வெளியானது. ஏப்ரல் 1 அன்று பதவி விலகினார். அல்சைமர் நோய்.

குத்துகளால்தான் ஒருவருக்கு இந்த நோய் வந்தது என்று தனி மனிதர் விஷயத்தில் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. தலையில் தொடர்ந்து அடி வாங்குகிறவர்களின் மூளை பாதிக்கப்படுகிறது என்பதை நியூ ஜெர்சி மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதிவிட்டார். அப்படியிருந்தும் பெரும்பாலான மாநிலங்களும் அமைப்புகளும் பழைய வீரர்களின் கடைசிக் காலச் சிகிச்சைக்கு ஒழுங்கான ஏற்பாடு செய்யவில்லை என்பதுதான் என் ஆத்திரம். பேட்டர்சனுக்குக் குடும்பமும் வீடும் இருந்தன. அது இல்லாதவர்கள் எத்தனையோ பேர்.

பேட்டர்சன் 2006 மே 11 அன்று நியூ பால்ட்ஸில் இறந்தார்; 71 வயது. யோஹான்சனுக்கும் கடைசி ஆண்டுகளில் நினைவு தப்பிவிட்டது. அவர் 2009 ஜனவரியில் இறந்தார். ஆர்ச்சி மூர், ஓய்வுக்குப் பிறகு ஏழைச் சிறுவர்களுக்காக நடத்திய பயிற்சித் திட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதற்கு முன் லிஸ்டன் கடன் பாக்கி இருக்கிறது. பிறந்த தேதிகூடச் சரியாகத் தெரியாத அந்த மனிதர், பட்டத்தோடு ஊர் திரும்பியபோது வரவேற்க ஒருவர்கூட வராத ஃபிலடெல்ஃபியா விமான நிலையத்திலிருந்து அடுத்த இதழில் தொடங்குவோம்.

(தொடரும்)